பதினொரு பேரில் ஒருவன்

டூங்கபி, சிட்னி
14.3.1976

அன்புள்ள யோகராணிக்கு,

முருகன் துணை. நானும் இந்திரனும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உம்முடைய முழங்கால் நோவு எப்படி? கலாக்குட்டிக்குச் சித்திரையோடு நாலு வயது முடியப் போகிறது என்று நேற்று விரல் மடித்துப் பார்த்தேன்.

நல்ல சேதிதான் எழுத வந்தேன். இந்திரனுக்குக் கலியாணம் ஒப்பேறிவிட்டது. பெண்ணின் பெயர் கல்யாணி. சுண்ணாகத்துப் பிள்ளை, இங்கே ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற பகுதியில் வேலை. செப்டெம்பர் ஐந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். கோயில் இல்லாத ஊர் என்பதால் சாரணர் மண்டபம் ஒன்றைக் கேட்டு எடுத்திருக்கிறோம். தபால் கந்தோரில் வேலை செய்யும் சேஷாத்ரி என்ற இந்தியத் தமிழர் மந்திரம் சொல்ல வருகிறார். "எங்க பக்கம் பால் அறுகு வைக்கிற வழக்கமெல்லாம் இல்லை மாமி. நீங்க முறையைச் சொல்லுங்க, நான் ஒரு மந்திரத்தைச் சேர்த்துடறேன்" என்றார். தங்கமான மனுசன்.

பால் அறுகு வைக்கக் கணேசலிங்கத்தைக் கேட்டேன். ஓம் என்றுவிட்டார்.

நீர் கலாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை முந்தியே வாரும். உமக்கும் பிள்ளைக்கும் படுக்க இடம் ஒழுங்கு செய்து வைப்பேன். உங்கள் இரண்டு பேருக்கும்.

அன்புடன்,
மச்சாள் சிவனேஸ்வரி

*

ரோவில், மெல்பேண்
21.3.1976

அன்புள்ள மச்சாளுக்கு,

நல்லூரான் கைவிடவில்லை, நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததோ? உப்பைக் குறைக்கிறீர்களோ?

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் மாவு பிசைந்த கையோடு கடிதத்தை உடைத்தேன். நாலு வருடமாகப் பொங்கலுக்கு ஓர் அட்டை, அதில் பெயர் மட்டும். அத்தான் நெஞ்சுவலியில் மோசம் போன துயரத்தில் எழுத மனம் வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இந்திரனுக்குக் கலியாணம் என்று வாசித்தவுடன் சாமியறையில் விளக்கை ஏற்றி உங்கள் கடிதத்தை அடியில் வைத்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மாப்பிள்ளையின் தலையில் முதல் பால் அறுகு வைக்கிறவர் தாய்மாமன். உங்களுக்கு ஒரே ஒரு தம்பி. அவர் மெல்பேணில் உயிரோடு இருக்கிறார். கணேசலிங்கம் அண்ணர் நல்லவர்தான், ஆனால் அவர் ஒன்றுவிட்ட உறவில் ஒன்றுவிட்ட உறவு. சபையில் நாலு பேர் கேட்க மாட்டார்களோ?

கடிதத்தை உங்கள் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "அக்கா சொன்னமாதிரிச் செய்யும். நீரும் பிள்ளையும் போயிட்டு வாங்கோ" என்றார். பிறகு கராஜுக்குள் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாக்கட்டுப் போட்டிருக்கிறது. கூரைப் பீலியில் இலை வழிக்க ஏறி விழுந்தவர். இந்த நேரம் பார்த்து அவருடைய கொம்பனி மேஜர் ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டார். எட்டு வருடமாகச் செவ்வாய் மாலையும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு போவாரே, ரிசேவ் படையின் இராணுவப் பொலிஸ் கொம்பனி, அதை இந்த வருட முடிவில் வேறொன்றோடு சேர்க்கப் போகிறார்களாம். அதற்கு முன் அதன் சரித்திரம் எழுதி முடியவேண்டுமாம். ஆறு பெட்டி நாட்பதிவுப் புத்தகங்கள் எங்கள் விறாந்தையில் கிடக்கின்றன. அவர் பார்த்துச் சொல்ல, நான் எழுதுகிறேன். வானொலியிலும் பேப்பரிலும் பொறுக்கிய இங்கிலீஷ் இதற்காவது உதவட்டும். "புத்தகங்களை நீர் திறக்கவேண்டாம், தூசு, உமக்குத் தும்மல் வரும்" என்று சொல்லியிருக்கிறார்.

தம்பியைப் பற்றி யோசித்துப் பதில் போடுங்கள். அதற்குள் நான் பலகாரப் பட்டியல் எழுதத் தொடங்குகிறேன்.

உங்கள்
யோகராணி

*

டூங்கபி
11.4.1976

அன்புள்ள யோகராணிக்கு,

சுகமே இருக்கிறோம். கால் வீக்கம் பரவாயில்லை. கலாவின் பிறந்தநாளுக்குச் சட்டைத் துணி அனுப்புகிறேன், நீர் தைப்பீர்தானே.

நான் தாலி இல்லாதவள். அன்றைக்கு மணவறைக்குக் கிட்டப் போக மாட்டேன். ஆகவே எனக்குப் பதிலாக முன்னுக்கு நிற்கிற ஆள் யார் என்று நன்றாக யோசித்துத்தான் தெரிவு செய்தேன். சபை கேட்டால் நான் பதில் சொல்வேன்.

அறுகு தேடத் தேவையில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் அதைக் களை என்று சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் பிடுங்கி வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் எறிகிறான்.

பயற்றம் பணியாரம் நீர் செய்து கொண்டு வாரும். சிப்பிப் பலகாரம் நான் செய்வேன்.

அன்புடன்,
சிவனேஸ்வரி

*

ரோவில்
2.5.1976

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகமே எங்களுக்கு வேண்டியது. துணி கிடைத்தது. கலா அதைப் போர்த்துக்கொண்டு வீடு முழுக்க ராசாத்தி மாதிரி நடந்தாள்.

பிந்தியதற்குக் காரணம் சரித்திரம்தான். ஐம்பதாம் ஆண்டிலிருந்து தொடங்கி அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு படை என்றால் சண்டை என்று நினைத்திருந்தேன். இவர்களுடைய சரித்திரம் முழுவதும் சந்தி. எந்தச் சந்தியில் யார் நின்று எத்தனை லொறிகளை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதுதான். கிழமை நாளில் ஒருவர் ட்ராம் ஓட்டுகிறார், ஒருவர் இறைச்சிக் கடையில் நிற்கிறார், ஒருவர் வாத்தியார். சனிக்கிழமை எல்லோரும் வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு நடுத்தெருவில் கை நீட்டுகிறார்கள். ஒரு முறை பயிற்சி முகாமுக்குப் போன நாற்பது லொறிகளையும் பிழையான பக்கம் திருப்பி ஓர் ஆட்டுப் பட்டிக்குள் விட்டுவிட்டார்களாம். இதை எழுதலாமோ என்று உங்கள் தம்பி மேஜரைக் கேட்க, அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்றாராம் அவர். எழுதும்போது சிரித்துச் சிரித்து மையைக் கொட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காரில் த பேசின் என்கிற ஊர் வரைக்கும் போனோம். மலையடிவாரத்தில் காரை நிறுத்தி, அந்த மலையையே கதிர்காமம் என்று நினைத்துக் கும்பிட்டேன். கலியாணம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்றுதான் கேட்டேன். உங்கள் தம்பி காருக்குள் இருந்தார், இறங்கவில்லை.

மச்சாள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதங்களில் என் முழங்கால் வரைக்கும் சுகம் விசாரிக்கிறீர்கள். அவருடைய முறிந்த கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவரும் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் உறையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன? காணி பூமிப் பிரச்சினையோ? எனக்குத் தெரியாமல் ஒன்றும் இருக்காது என்றுதான் இதுவரை நினைத்தேன்.

உங்கள்
யோகராணி

*

டூங்கபி
12.5.1976

யோகராணிக்கு,

சுகம்.

சரித்திரம் எழுதுகிறீர். எழுபத்திரண்டாம் ஆண்டு வரும்போது அவர் சொல்லச் சொல்ல எழுதாமல், புத்தகத்தை நீரே திறந்து வாசியும். மார்ச் மாதம்.

சிவனேஸ்வரி

*

ரோவில்
23.5.1976

அன்புள்ள மச்சாளுக்கு,

இதை எழுத மூன்று நாள் இருந்து பார்த்தேன். சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனபின் புத்தகத்தைத் திறந்தேன். சார்ஜன்ட் மேஜரின் கையெழுத்து. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். 1972 மார்ச் 12, ஞாயிறு. மாலை ஆறு மணி இருபது நிமிடம். ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேசன், சிட்னி றெயில் மேடை. முகாமுக்குத் திரும்பாமல் இருபது நாள் தலைமறைவாக இருந்த சிப்பாய் ஒருவர் கைது. பெயர், ஆ. இந்திரகுமார். கைது செய்தவர், சார்ஜன்ட் விக்னராஜா, உங்கள் தம்பிதான். கைவிலங்கு போடப்படவில்லை. கைதியிடம் இருந்தவை: கைக்கடிகாரம் ஒன்று, இடுப்புப் பட்டி ஒன்று, உணவுப் பொதி ஒன்று. அந்தப் பொதிக்குள் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் ‘அரிசியில் செய்த வெள்ளை நூல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த இடியப்பம் நான் பிழிந்தது. நான் ஒவ்வொரு நாளும் கொப்பியில் நாலு வரி எழுதுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ‘இந்திரன் லீவு முடிந்து சிட்னி போகிறான். மாமா ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனார். இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். பிள்ளை காலைத் தொட்டுக் கும்பிட்டது’ என்று எழுதியிருக்கிறேன். ஒரே நாள். இரண்டு புத்தகம்.

அவன் லீவில் வந்ததாகத்தான் என்னிடம் சொன்னான். கட்டாய ஆமிச் சேவைக்குக் குலுக்கல் சீட்டு விழுந்து போன பிள்ளை, இளைத்துப் போயிருந்தான். பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். வழியனுப்பப் போன மாமனே பிடித்துக் கொடுத்தாரா? திரும்பி வந்து "றெயில் நேரத்துக்கு வெளிக்கிட்டிட்டுது" என்று சொல்லிவிட்டு என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தாரே.

அவரிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் குரல் கேட்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், மச்சாள். அதற்குப் பிறகு அவனுக்கு என்ன நடந்தது? எனக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

யோகராணி

*

டூங்கபி
6.6.1976

அன்புள்ள யோகராணிக்கு,

உமக்கு ஒன்றும் தெரியாது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அட்டை அனுப்புகிறீர் என்று நாலு வருடம் நினைத்திருந்தேன். அதற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளும்.

அவனை ஆமிச் சிறையில் மறியலில் போட்டார்கள். ஐம்பத்தாறு நாள். சேதி வந்த அன்றிலிருந்து உம்முடைய அத்தான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஏப்ரல் பத்தொன்பதாம் திகதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நீர் அப்போது கலாவைப் பெற்றுப் பத்து நாள். துடக்கு வீடு, ஆகவே வரமுடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளையைக் கொள்ளி வைக்க விட்டார்கள். எப்படி விட்டார்கள் தெரியுமா? இரண்டு சிவப்புத் தொப்பிகளுக்கு நடுவில். தகனசாலைக்குச் சிட்னியில் இருந்த பதினாலு தமிழ்க் குடும்பமும் வந்திருந்தது. என் பிள்ளை வேட்டி கட்டி, பூணூல் போட்டு, வெறும் மேலோடு நிற்கிறான். இரண்டு பக்கமும் சப்பாத்துக் கால்கள். அவன் பெட்டியைச் சுற்றினால் அவர்களும் சுற்றினார்கள். மூன்று தரம். ஒருவன் மீசை முளைக்காத பெடியன், தேவாரம் தொடங்கியதும் தானாகவே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். மற்றவன் கழற்றவில்லை. பின்னுக்கு நின்ற ஒரு மனுசி, "ஆனந்தராஜா மாஸ்டருக்குப் பொலிஸ் மரியாதை" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நான் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உன்னை ஆரடா பிடிச்சது?" "மாமா" என்றான். அதோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்னேரம் உம்முடைய வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். வேட்டியோடுதான் வந்தார். "அக்கா" என்றார். நான் கதவைச் சாத்தினேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், ஒரு மணித்தியாலம் அப்படியே நின்றார். சார்ஜன்ட்டின் மூன்று வரிப் பட்டிக்காக மருமகனைக் கொடுத்தவருக்கு என் வீட்டில் தண்ணீர் இல்லை.

அந்தக் கையால் என் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்கச் சொல்லுகிறீரா? இனிக் கேட்கமாட்டீர் என்று நினைக்கிறேன்.

சிவனேஸ்வரி

*

டூங்கபி
4.7.1976

அன்புள்ள யோகம்,

இங்கே சுகம். அங்கே எப்படி? நாலு கிழமையாகப் பதில் இல்லை. காலையில் தபால்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் வருகிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ? உம்மில் எனக்கு ஒரு குற்றமும் இல்லை. ஒன்றும் அறியாத பிள்ளை நீர். என் பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் சோறு போட்ட கை உம்முடைய கை. மறியலில் இருந்து அவன் எழுதின முதல் கடிதத்திலேயே "மாமி நல்லாப் பாத்தவா" என்றுதான் எழுதினான்.

நீர் சுமங்கலி. கல்யாணிக்குக் கூறைச் சேலை எடுத்துக் கொடுக்கிறதும், ஆரத்தி எடுக்கிறதும் நீர்தான் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். வேறொருவரும் வேண்டாம். ஓம் என்று ஒரு வரி எழுதும்.

அன்புடன்,
மச்சாள்

*

ரோவில்
18.7.1976

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கால் சுகமோ, இந்திரன் சுகமோ. நான் இருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கடிதம் வந்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். எழுதாமலே கலியாணத்துக்கு வந்து, பணியாரத்தையும் தந்து, திரும்பியும் போயிருப்பேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்கள் "ஒன்றும் அறியாத பிள்ளை" என்று எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் மாதம் உங்கள் கடிதம் வந்த அன்று, அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் என்று புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். முதல் தரம் இடது பக்கத்தை மட்டும்தான் வாசித்திருந்தேன். அவருடைய பெயரைக் கண்டதும் மூடிவிட்டேன். ஒவ்வொரு பதிவும் வலது பக்கத்துக்கும் போகிறது. அங்கே கடைசிக் கட்டம், தகவல் எப்படிக் கிடைத்தது என்பது. அதில் இப்படி இருக்கிறது: ‘சார்ஜன்ட் விக்னராஜாவின் மனைவி. மகளிர் தேநீர் விருந்தில் பேச்சுவாக்கில். மார்ச் 11, சனி.’

அந்தத் தேநீர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டு மாத வயிறு. கொம்பனிக்காரரின் மனைவிமார் எல்லோரும் வந்திருந்தார்கள். சார்ஜன்ட் மேஜரின் மனைவி மிஸிஸ் ஹார்ட்லி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. அதுவரைக்கும் எந்த வெள்ளைக்காரியும் நான் ஒரு வசனத்தை முடிக்கும் வரை காத்திருந்ததில்லை. அவ காத்திருந்தா. அந்தச் சந்தோசத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். என் கணவரின் மருமகனும் ஆமிதான் என்றேன். எந்த முகாம் என்று கேட்டா, சொன்னேன். லீவோ என்று கேட்டா. "விரும்பின மட்டும் நிக்கலாமாம்" என்றேன். அவ கோப்பையை மெல்லக் கீழே வைத்தா. என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னா. அன்றைய கொப்பியிலும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன், ‘உச்சரிப்பு நல்லம் என்றா’ என்று.

உங்கள் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தது என் வாய், மச்சாள்.

வலது பக்கத்தை வாசித்த அன்று மாலை அவர் வேலையால் வந்ததும் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தேன்.

"தூசு எண்டு சொன்னனான்" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது? வயித்தில பிள்ளை. பிறகு அத்தான் செத்திட்டார். அதுக்குப் பிறகு சொன்னா நீர் உம்மையே திண்டு முடிச்சிருப்பீர்."

"ஸ்டேசனுக்கு ஏன் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"ஹார்ட்லி ஞாயிறு காலமை கூப்பிட்டுச் சொன்னவன். பின்னேரத்துக்குள்ள நீ கொண்டு வந்தா உன்ர கையோட முடியும். இல்லையெண்டா நாலு பேர், ஜீப், விலங்கு, உன்ர வீட்டு வாசல். நீர் குசினிக்குள்ள இடியப்பம் புழிஞ்சுகொண்டு நிக்கிறீர். நான் வேற என்ன செய்ய?"

"மச்சாளுக்காவது சொல்லியிருக்கலாமே. நாலு வருசம் உங்களை ஏசுறா."

"அக்காவுக்கு ஏச ஒராள் வேணும். தம்பியை ஏசலாம், ஒண்டும் குறையாது. உம்மை ஏசினா நீர் தாங்க மாட்டீர்."

பிறகு என்னை அதட்டினார். இதை உங்களுக்கு எழுதக்கூடாதாம். எழுதினால் தன் நாலு வருடமும் வீணாம். ஆறு கிழமை அவர் சொல்லைக் கேட்டேன். இது அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று. மூன்று வரிப் பட்டிக்காகக் கொடுத்தார் என்று எழுதினீர்கள். அது அவருக்கு 71 டிசம்பரில் கிடைத்தது. நாட்பதிவில் இருக்கிறது. கைது நடந்தது அதற்கு மூன்று மாதம் பிறகு. இந்தப் பதிவுக்காக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சரித்திரம் எழுபத்திரண்டைத் தாண்டிவிட்டது. அவர் சொன்னார், நான் எழுதினேன்: ‘அவ்வருடம் கொம்பனி தலைமறைவான சிப்பாய்கள் பதினொரு பேரைப் பிடித்தது.’ அவ்வளவுதான். பெயரில்லை. பதினொரு பேர் என்று எழுதும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

பால் அறுகு வைக்கிற உரிமை அவருடையது. அதை அவரிடமிருந்து பறித்தது நான் செய்த வேலை. என்னை அழைக்க வேண்டாம், ஆரத்திக்கு வேறு ஆளைப் பாருங்கள். அவரை அழையுங்கள். இதற்கு மேல் கேட்க எனக்கு முகமில்லை.

யோகராணி

*

டூங்கபி
15.8.1976

யோகராணிக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது.

உம்முடைய கடிதத்தை வாசித்த அன்று இந்திரன் காருக்குக் கீழே கிடந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். கால்தான் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துக் கேட்டேன். "உன்னைக் காட்டிக் குடுத்தது மாமியே?" உள்ளே இருந்து சத்தம் வந்தது. "ஓம் அம்மா."

"உனக்கு எப்ப தெரியும்?"

"றெயில் மேடையில மாமா சொன்னவர். மாமி அறியாமச் சொல்லிப்போட்டா, அவவுக்குத் தெரிய வேண்டாம் எண்டவர். நான் ப்ரொமிஸ் பண்ணினனான்."

"எனக்கு?"

"உங்களுக்குச் சொன்னா அடுத்த நாள் மாமிக்குத் தெரியும்தானே."

நான் குசினிக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். பெற்ற பிள்ளை நாலு வருடம் என் முன்னால் இருந்து சாப்பிட்டிருக்கிறான். அவனுடைய மாமனை நான் திட்டத் திட்ட, தலையைக் குனிந்து பிசைந்து சாப்பிட்டிருக்கிறான். மாமனும் மருமகனும் பேசிவைத்துக்கொண்டு உம்மைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். என்னை ஒருவரும் பொத்தவில்லை. செத்த வீட்டன்று என் தம்பிக்கு நான் கதவைச் சாத்தினேன். அந்த ஒரு மணித்தியாலத்தை நான் யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது?

மூன்று கிழமையாகப் பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். உம்மை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. ஒரு நாளும் மன்னிக்கமாட்டேன் என்று எழுதப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. உம்முடைய அத்தானின் படத்துக்கு முன்னால் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன்.

கணேசலிங்கத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. நல்ல மனுசன், தன் வேட்டியை வேறு கலியாணத்துக்குக் கட்டுகிறேன் என்றார்.

தம்பியிடம் சொல்லும். நாலாம் திகதி சனிக்கிழமை காலை றெயிலுக்கு இந்திரன் ஸ்டேசனில் நிற்பான். அவன்தான் போய்க் கூட்டிவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவனே கேட்டு வாங்கின வேலை. ஐந்தாம் திகதி விடிய ஆறு மணிக்குப் பால் அறுகு. முதல் கை தம்பியின் கை. மாக்கட்டு அவிழ்த்தாயிற்றா? வலது கையால் வைக்க வேண்டும், பழக்கிக்கொள்ளச் சொல்லும்.

ஆரத்திக்குக் கல்யாணியின் சித்தியை ஒழுங்கு செய்துவிட்டேன்.

நீரும் வாரும். சபையில் உமக்கு வேலையில்லை. அன்றைக்கு முழுவதும் நான் மண்டபத்துக் குசினியில்தான் இருப்பேன், மணவறைப் பக்கம் வரமாட்டேன். நீர் அங்கே வாரும். கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தேநீர் விருந்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் உம்முடைய வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு சொல் விடாமல். கேட்ட பிறகு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அழுவேனோ அடிப்பேனோ. ஆனால் மேளச் சத்தம் கேட்கும்போது அந்தக் குசினிக்குள் தனியே நிற்க என்னால் ஏலாது, யோகம்.

சிவனேஸ்வரி